மீன் தொட்டிச் செடி மஞ்சளாகிறதா? குருத்தைப் பாருங்கள்

மூன்றாவது முறையாக அமேசான் ஸ்வார்டு செடி வாங்கப் போனபோது கொளத்தூர் கடைக்காரத் தம்பிக்கே என்மேல் இரக்கம் வந்துவிட்டது. "கொண்டுபோனதெல்லாம் போயிடுச்சாக்கா? பிடுங்கிப் போட்டுட்டீங்களா?" என்றார். இலையெல்லாம் கண்ணாடித்தாள் மாதிரி ஆகிக் குழைந்துபோனால் வேறென்ன செய்வது? பிடுங்கித்தான் போட்டேன். "நடுவுல குருத்து இருந்துச்சா, பாத்தீங்களா?" பார்க்கவில்லை. அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "இலையைப் பாக்காதீங்கக்கா, குருத்தைப் பாருங்க."

அந்த மூன்றாவது செடி இன்னும் வீட்டில் இருக்கிறது. நடுவே நான் வாங்கிக் குவித்த சத்துப் பாட்டில்களுக்குக் கொடுத்த காசில் இன்னொரு தொட்டியே வைத்திருக்கலாம். பாட்டில் வாங்கக் கடைக்குக் கிளம்புமுன் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளக்கூடியவை இவை.

1. முதலில் விரலால் தேய்த்துப் பாருங்கள். மாறியது இலையின் நிறமா, அல்லது அதன்மேல் ஏதாவது படிந்திருக்கிறதா என்று தெரிய வேண்டும். பழுப்பாகத் தூசு படிந்த மாதிரி இருந்தால் இலையை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து மெல்ல உருவுங்கள். சாம்பிராணிப் புகை மாதிரிக் கிளம்பித் தண்ணீரில் கலைந்து, அடியில் பச்சை தெரிந்தால் இலைக்கு ஒன்றுமில்லை. அது டயாட்டம் எனும் நுண்பாசி. புதுத் தொட்டியில் முதல் ஒன்றிரண்டு மாதம் வரும், பெரும்பாலும் தானே போய்விடும். விளிம்பில் தாடி மயிர் மாதிரிக் கறுப்பாகக் கொத்துக் கொத்தாக நின்று, எவ்வளவு உருவினாலும் வராமல் இருப்பது கறுந்தாடிப் பாசி. அந்த இலையை வெட்டி எடுத்துவிடுங்கள், தேய்த்துக்கொண்டிருப்பது நேர விரயம்.

வெள்ளையாக, சொரசொரவென்று, பாத்ரூம் குழாயின் வாயில் படியும் உப்புக் கறை மாதிரி இருக்கிறதா? போர் தண்ணீர் ஊற்றுகிற வீடுகளில் இது சகஜம். ஓர் இலையைக் கிள்ளித் தட்டில் வைத்து ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். பொடிப்பொடியாக நுரை எழும்பினால் அது சுண்ணாம்பு. பள்ளிக்கூடத்தில் ஒளிச்சேர்க்கை சோதனைக்காகக் கவிழ்த்த புனலுக்குள் போட்டோமே ஹைட்ரில்லா, அதற்கும் வாலிஸ்னேரியாவுக்கும் இந்த வித்தை தெரியும். தண்ணீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு போதாவிட்டால் பைகார்பனேட்டிலிருந்து தனக்கு வேண்டியதைப் பிரித்து எடுத்துக்கொள்ளும். அந்த வேலையில் சுண்ணாம்பு இலைமேலேயே படிந்துவிடும். செடி பிழைத்துத்தான் இருக்கிறது, பயப்பட வேண்டாம். விளக்கு எரியும் நேரத்தைக் கொஞ்சம் குறைத்தால் படிவதும் குறையும்.

2. வாங்கி எத்தனை நாள் ஆயிற்று என்று எண்ணிப் பாருங்கள். ஒரு மாதத்துக்கு உட்பட்ட செடி என்றால் சத்துக் குறை என்ற பேச்சையே எடுக்காதீர்கள். நர்சரிகளில் நிறையச் செடிகளை வேர் மட்டும் ஈரத்திலும் இலை காற்றிலும் இருக்கும்படிதான் வளர்க்கிறார்கள். அப்படி வளர்த்தால் பாசி பிடிக்காது, நத்தை வராது, சீக்கிரம் கொழிக்கும். அந்த இலைகள் காற்றுக்கென்று வந்தவை. தடிப்பாக, மேலே மெழுகு பூசியதுபோல இருக்கும். தண்ணீருக்குள் அவற்றால் பிழைக்க முடியாது. செடி அவற்றைக் கைவிட்டுவிட்டு, மெல்லிசாக வேறு இலை விடும். பழையது குழைகிற வேகத்தில் புதியது வராததால்தான் நம் கண்ணுக்குச் செடி செத்த மாதிரித் தெரிகிறது. நான் இரண்டு ஸ்வார்டைக் குப்பையில் போட்ட கதை இதுதான்.

கிரிப்டோகரைன் இந்த விஷயத்தில் இன்னும் மோசம். அதில் வெண்ட்டி, பெக்கெட்டி என்று கடைகளில் கிடைப்பவை இலங்கையின் ஓடைகளுக்கே உரியவை. தொட்டியில் ஓரிடத்தில் இருந்ததைப் பிடுங்கி அரை அடி தள்ளி நட்டால்கூட ஒரு வாரத்துக்குள் இலை மொத்தத்தையும் கூழாக்கிவிடும். அக்வேரியம் வைத்திருப்பவர்கள் இதை 'மெல்ட் ஆகுது' என்பார்கள். கூழான இலைகளை மட்டும் ட்யூபால் உறிஞ்சி எடுத்துவிட்டு, வேரைத் தொடாமல் விடுங்கள். கிழங்குப் பகுதி விரலுக்குக் கெட்டியாக இருக்கும்வரை உயிர் இருக்கிறது. மூன்று நான்கு வாரத்தில் பல்லிவால் தடிமனில் ஒரு முளை எட்டிப் பார்க்கும்.

3. ஒரு மாதத்தைத் தாண்டிய செடி என்றால் அடுத்த கேள்வி, கெட்டது பழைய இலையா, குருத்தா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதி நோய் பிடிபட்ட மாதிரி.

வீட்டில் பணமுடை வந்தால் பெரியவர்கள் நகையைக் கழற்றிக் கொடுத்துச் சின்னதுகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுவார்கள். சுவரில் அடித்த பெயின்ட்டைச் சுரண்டி விற்க முடியாது. செடியிலும் இப்படி இரண்டு வகைச் சத்து உண்டு. நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் நான்கும் நகை மாதிரி. பற்றாக்குறை வந்தால் செடி பழைய இலையிலிருந்து அவற்றை உருவி எடுத்துக் குருத்துக்கு அனுப்பும். அதனால் அடியிலுள்ள இலை முதலில் கெடும், நுனி நன்றாகவே இருக்கும். இரும்பும் கால்சியமும் பெயின்ட் மாதிரி, ஒருமுறை ஓர் இலைக்குள் போனால் அங்கேயே தங்கிவிடும். அவை குறைந்தால் பழைய இலைகள் பச்சைப் பசேலென்று இருக்க, குருத்து மட்டும் வெளிறும் அல்லது கோணும். பழுத்த ஓலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்த கதை தெரியும். இங்கே சில சமயம் அது தலைகீழாகவும் நடக்கும்.

தண்டுச் செடியில் நுனிதான் குருத்து. ஸ்வார்டு, கிரிப்டோகரைன் மாதிரிப் பூவிதழ் போல விரிகிற செடியில் நட்டநடுவில் இருப்பது புதியது, வெளிச்சுற்றில் சாய்ந்து கிடப்பது பழையது. அனுபியாஸ் தரையோடு படுத்த தண்டாக நகரும், எந்த முனையில் வளர்கிறதோ அங்கே இருப்பது குருத்து.

4. இலையைக் கிள்ளி, செல்போன் டார்ச்சுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். தொட்டிக்குள் இருக்கும்போது தெரியாத சங்கதியெல்லாம் அப்போது தெரியும். முழுக்க ஒரே சீராக மஞ்சளா? நரம்பு மட்டும் பச்சையாக, நடுப் பகுதி வெளிறி, வலை போட்ட மாதிரி இருக்கிறதா? விளிம்பிலிருந்து உள்ளே வருகிறதா, நுனியிலிருந்து கீழே இறங்குகிறதா? என் பெண் இதற்கு 'இலைக்கு எக்ஸ்ரே' என்று பெயர் வைத்திருக்கிறாள். மேலே சொன்ன பழையதா குருத்தா என்பதோடு இதையும் சேர்த்தால் இனி வரும் சத்துக்குறைக் குறிப்புகளை எளிதாகப் பொருத்திப் பார்க்கலாம்.

5. அடி இலைகள் நுனியிலிருந்து தொடங்கி, நரம்பு உட்பட ஒரே சீராக மஞ்சளாகி, பிறகு கண்ணாடி மாதிரி ஆனால் நைட்ரஜன் போதவில்லை. மீன் குறைவாகவும் செடி நிறையவும் உள்ள தொட்டிகளில்தான் இது வரும். மீன் கழிவும் மிஞ்சிய தீனியும்தான் செடிக்கு நைட்ரேட் ஆகிறது. இரண்டடித் தொட்டியில் பத்து கோல்டு பிஷ் வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை வராது, அவருக்கு வேறு கவலைகள் இருக்கும்.

மேலே மிதக்கும் செடிகளையும் கவனியுங்கள். டக்வீட் தண்ணீர் மட்டத்தை மூடிக்கொண்டால் வெளிச்சத்தையும் மறைக்கும், நைட்ரேட்டையும் முந்திக்கொண்டு குடித்துவிடும். வாரம் ஒருமுறை வடிகட்டியால் பாதியை அள்ளிப் போட்டுப் பாருங்கள், கீழே இருப்பவை பல நேரம் அதிலேயே தேறிவிடும். போதாவிட்டால் உரக் கடையில் 13-0-45 என்ற எண்ணோடு கிடைக்கும் பொட்டாசியம் நைட்ரேட் இருக்கிறது. 100 லிட்டருக்கு 1 கிராம் போட்டால் நைட்ரேட் சுமார் 6 பிபிஎம் கூடும். நைட்ரேட் 10 முதல் 20 பிபிஎம் வரை இருந்தால் பெரும்பாலான செடிகளுக்குப் போதும். டெஸ்ட் கிட் வைத்து அளந்த பிறகு போடுங்கள்.

6. உங்கள் தொட்டி எத்தனை லிட்டர் என்று இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீளம், அகலம், தண்ணீர் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் வரும். அடிக்கணக்கில் 2×1×1 தொட்டி என்றால் சுமார் 56 லிட்டர். மணல், கல், மேலே விட்ட இடம் எல்லாம் போக அதில் 45 லிட்டர் தண்ணீர் இருந்தால் பெரிது. கடைக்காரர் சொன்ன லிட்டர் கணக்கை நம்பி மருந்தோ உரமோ போடாதீர்கள்.

7. இலையில் ஓட்டை. இதில்தான் அதிகம் ஏமாறுகிறோம், கொஞ்சம் நின்று பாருங்கள். குண்டூசியால் குத்திய மாதிரி ஆரம்பித்து, ஓட்டையைச் சுற்றி மஞ்சள் அல்லது பழுப்பு வளையம் இருந்து, அதுவும் பழைய இலைகளில் மட்டும் இருந்தால் பொட்டாசியம் குறை. ஹைக்ரோஃபிலாவும் ஜாவா ஃபெர்னும் இதைச் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். ஓட்டையின் ஓரம் பச்சையாக, கத்தரியால் வெட்டிய மாதிரிச் சுத்தமாக இருந்தால் யாரோ தின்கிறார்கள். ஆப்பிள் நத்தையும் கோல்டு பிஷ்ஷும் முதல் சந்தேகத்துக்கு உரியவை. ஸ்வார்டின் அகன்ற இலையில் மேல்தோல் மட்டும் சுரண்டப்பட்டு, நரம்புகள் சல்லடை மாதிரி நின்றால் இரவில் பிளெக்கோ மீன் வந்து போயிருக்கிறது. இராத்திரி பதினோரு மணிக்கு டார்ச் அடித்தால் கையும் களவுமாகப் பிடிக்கலாம். பாவம், அதற்குத் தின்ன ஒன்றும் போடாமல் 'கண்ணாடியைச் சுத்தம் செய்யும்' என்று வாங்கி விட்டவர்கள் நாம். வெள்ளரிக்காய்த் துண்டு ஒன்றைப் போட்டுவையுங்கள், காலையில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். குட்டி ராம்ஸ்ஹார்ன் நத்தைகளைக் குற்றம் சொல்லாதீர்கள், அவை ஏற்கெனவே அழுகத் தொடங்கிய இலையைத்தான் பெரும்பாலும் தின்கின்றன.

பொட்டாசியம்தான் குறை என்று உறுதியானால் பொட்டாசியம் சல்பேட் போதும், உரக் கடையில் 0-0-50 என்று கேளுங்கள். 100 லிட்டருக்கு 1 கிராம் போட்டால் பொட்டாசியம் சுமார் 4.5 பிபிஎம் கூடும். வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றிய பின் 2 கிராம் வரை போடலாம். விழுந்த ஓட்டை அடையாது. அடுத்து வரும் இலை ஓட்டையில்லாமல் முதிர்கிறதா என்பதுதான் நமக்கு வேண்டியது.

8. குருத்து வெளிறினால் இரும்பு. புது இலை எலுமிச்சை மஞ்சளாகவோ, முற்றினால் வெள்ளையாகவோ வரும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். பழைய இலைகள் நன்றாக இருக்கும். நம் ஊரில் இதற்குக் காரணம் பல நேரம் தண்ணீரில் இரும்பு இல்லாததைவிட, இருக்கிற இரும்பு செடிக்கு எட்டாத உருவத்தில் இருப்பதுதான். கடினமான போர் தண்ணீரின் பிஎச் 7.5-க்கு மேலே இருந்தால் இரும்பு துருவாகிப் படிந்துவிடும். அதனால் துருப்பிடித்த ஆணியை மணலுக்குள் செருகிவைக்கும் பழைய வைத்தியம் உதவாது. என் தம்பி இரண்டு வருடம் செருகிவைத்திருந்தான், ஆணிதான் கரைந்தது.

அதற்காகத்தான் இரும்பைக் கட்டிக் காக்கும் சீலேட் வடிவில் விற்கிறார்கள். ஈடிடிஏ என்று போட்டது மலிவு, ஆனால் பிஎச் 6.5-ஐத் தாண்டினால் பிடி தளர்ந்துவிடும். டிடிபிஏ 7.5 வரை தாங்கும். ஈடிடிஹெச்ஏ அதற்கும் மேலே நிற்கும், தண்ணீரைத்தான் கொஞ்சம் சிவப்பாக்கும். 11 சதவீத டிடிபிஏ இரும்புத் தூள் 1 கிராமை 100 மில்லி ஆர்ஓ தண்ணீரில் கரைத்துக் கறுப்புப் பாட்டிலில் வைத்துக்கொண்டு, 100 லிட்டர் தொட்டிக்கு 10 மில்லி ஊற்றினால் 0.1 பிபிஎம் அளவுக்கு வரும். வெளிச்சம் பட்டால் சீலேட் கெடும், பாட்டிலை ஜன்னலில் வைக்காதீர்கள்.

ஸ்வார்டும் கிரிப்டோகரைனும் வேரால் சாப்பிடுகிற கூட்டம். சும்மா ஆற்று மணலிலோ கலர் கல்லிலோ நட்டிருந்தால் தண்ணீரில் ஊற்றுவதைவிட, வேருக்கருகில் ஒரு விரல் ஆழத்தில் ரூட் டேப் எனும் உர மாத்திரை ஒன்றைப் புதைப்பது நல்லது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும்.

9. பழைய இலையில் அதே வலைக்கோலம் தெரிந்தால் மக்னீசியம். எப்சம் உப்பு 100 லிட்டருக்கு தலைதட்டி ஒரு டீஸ்பூன், ஏறக்குறைய 5 கிராம், கரைத்து ஊற்றினால் 5 பிபிஎம் கூடும். தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தும் மக்னீசியம் குறைவாக இருக்கிற போர்களும் உண்டு. 'எங்க தண்ணி உப்புத் தண்ணியாச்சே, எல்லாம் இருக்குமே' என்று எண்ண வேண்டாம்.

10. குருத்து கொக்கி மாதிரி வளைந்து, சுருங்கி, சின்னதாக வந்தால் கால்சியத்தை நினையுங்கள். இதை நான் பார்த்ததெல்லாம் ஆர்ஓ தண்ணீர் வீடுகளில்தான். 'மீனுக்கு நல்ல தண்ணி' என்று குடிக்கிற தண்ணீரையோ கேன் தண்ணீரையோ தொட்டி நிறைய ஊற்றுவார்கள். அதில் செடிக்கு எதுவும் மிச்சமில்லை. பாதி ஆர்ஓ, பாதி போர் என்று கலந்தாலே போதும், பாட்டில் தேவைப்படாது. ஒரே நாளில் மாற்றாமல், வாரம் நான்கில் ஒரு பங்கு வீதம் மாற்றினால் மீனும் தாங்கும். கார்பன் டை ஆக்சைடு போதாமல் வெளிச்சம் மட்டும் கூடுதலாக இருந்தாலும் குருத்து இப்படிக் கோணலாம் என்பதால், ஆர்ஓ பக்கமே போகாத வீட்டுக்காரர்கள் 13-ஆம் குறிப்பைப் பார்க்கவும்.

11. அனுபியாஸ் இலையில் வட்ட வட்டமாகப் பச்சைப் புள்ளி விழுந்து, நகத்தால் சுரண்டினால்தான் போகிறதா? பாஸ்பேட் குறைவாக இருக்கிறது என்று பெரும்பாலும் பொருள். மீன் தீனியில் பாஸ்பேட் தாராளமாக உண்டு. தீனியை மிச்சம் பிடிப்பவர்கள் கொஞ்சம் கை நீட்டினாலே போதும்.

12. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டையும் மணலில் புதைக்காதீர்கள். இஞ்சி மாதிரிப் படுத்திருக்கும் அந்தத் தண்டு மணலுக்குள் போனால் அழுகும். இலை ஒவ்வொன்றாகக் காம்போடு கழன்று வரும், முகர்ந்தால் அழுகல் வாடை அடிக்கும். கட்டை அல்லது கல்லின்மேல் வைத்துத் தையல் நூலால் கட்டுங்கள். அழுகின பகுதியைக் கெட்டியான இடம் வரும்வரை பிளேடால் நறுக்கிவிட்டு மிச்சத்தைக் கட்டினாலும் பிழைக்கும்.

ஜாவா ஃபெர்னின் அடிப்பக்கத்தில் வரிசையாகக் கறுப்புப் பொட்டு இருந்தால் பதறாதீர்கள், அவை வித்துப் பொட்டுகள். இலை நுனியில் கறுத்து, அதிலிருந்து மயிர்வேரோடு குட்டிச் செடி கிளம்புவதும் அதன் சுபாவம். நான் ஒருமுறை நோய் என்று எண்ணி நறுக்கிப் போட்டவை அத்தனையும் குட்டிகள்.

சந்தையில் கொத்தாக விற்கும் தண்டுச் செடிகளின் அடியில் ஈயப் பட்டை சுற்றியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் அதைப் பிரித்துவிட்டு, நசுங்கிக் கறுத்த அடித்தண்டை இரண்டு விரல் அளவு வெட்டி, ஒவ்வொரு தண்டாகத் தள்ளித் தள்ளி நடுங்கள். பட்டையோடு நட்டால் பத்து நாளில் கொத்து மொத்தமும் அடியில் அறுந்து மேலே மிதக்கும். தொட்டிக்கு வந்தவுடன் செத்தது என்று நாம் சொல்கிற காபோம்பாவில் பாதி, கடையிலேயே கழுத்து நெரிபட்டது.

13. தண்டுச் செடியின் அடி இலைகள் மட்டும் கொட்டி, மேலே குடை மாதிரி விரிந்து நின்றால் சத்துக்குறை அல்ல, வெளிச்சம் அடிவரை போகவில்லை. மேல் பாதியை வெட்டி, அதையே மணலில் நடுங்கள். விளக்கு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும், டைமர் போட்டுவிடுங்கள். 'செடி வாடுது' என்று 12 மணி நேரம் எரியவிட்டால் வளர்வது பாசிதான். வெளிச்சத்தைக் கூட்டினால் சத்தும் கார்பன் டை ஆக்சைடும் அதே அளவில் கூட வேண்டும், ஒன்று குறைந்தாலும் மற்றவை வீண். ஜெர்மன் விஞ்ஞானிகள் கார்ல் ஸ்ப்ரெங்கல் 1828-லும், பிறகு லீபிக் 1840-லும் வயல் பயிருக்குச் சொன்னது இதுதான்: எந்தச் சத்து மிகக் குறைவோ அதுதான் விளைச்சலை நிர்ணயிக்கும். நம் கண்ணாடிப் பெட்டிக்கும் அது அப்படியே பொருந்துகிறது.

14. சித்திரை, வைகாசியில் எல்லாமே சேர்ந்தாற்போல் பழுத்தால் தெர்மாமீட்டரைப் பாருங்கள். தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் ஜாவா ஃபெர்னுக்கும் மாஸ் வகைகளுக்கும் ஆகாது. மூடியைத் திறந்துவிட்டு, மேசை மின்விசிறியைத் தண்ணீர்மேல் படும்படி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், கடலோரப் புழுக்கத்தில் அவ்வளவு இறங்காது. ஆவியாகிப் போன தண்ணீருக்கு ஈடாக மட்டும் ஆர்ஓ ஊற்றுங்கள். போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு தங்கித் தங்கித் தண்ணீர் கடுத்துப்போகும்.

கிழங்காக விற்கும் அப்போனோஜெடான் இலைகள் உதிர்ந்தால் அது வேறு கதை. மூதுரையில் ஔவையார் பெயர் சொல்லும் கொட்டி இந்த இனத்துச் செடிதான். குளம் வற்றினால் கிழங்காகத் தூங்கி, மழை வந்ததும் துளிர்க்கும் வழக்கம் தொட்டிக்கு வந்தும் மறப்பதில்லை. கிழங்கு கெட்டியாக இருந்தால் எடுத்து, ஈர மணல் போட்ட டப்பாவில் ஒன்றிரண்டு மாதம் வைத்திருந்து மறுபடி நடுங்கள்.

15. கடந்த பத்து நாளில் தொட்டியில் என்ன ஊற்றினீர்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். வெள்ளைப் புள்ளி நோய்க்கு ஒரு கை கல் உப்பு, செம்பு கலந்த மருந்து, பாசிக்கென்று 'லிக்விட் கார்பன்' — இந்த மூன்றுக்குப் பிறகு செடி குழைந்தால் உரத்தைத் தேட வேண்டாம். லிக்விட் கார்பன் எனப்படுவதில் இருப்பது பெரும்பாலும் குளுட்டரால்டிஹைடு, மருத்துவமனையில் கருவிகளைச் சுத்தம் செய்யப் பயன்படும் பொருள். வாலிஸ்னேரியா அதைத் தாங்காது, இரண்டு நாளில் நூலாகிவிடும். நோய்வாய்ப்பட்ட மீனைத் தனி வாளிக்கு மாற்றி, அங்கே ஏர் பம்ப் போட்டு வைத்தியம் பாருங்கள்.

16. சிவப்பு எல்லாம் நோயில்லை. ரொட்டாலாவும் லட்விஜியாவும் நல்ல வெளிச்சத்தில் சிவக்கும், அதற்காகவே கூடுதல் விலை கொடுக்கிறார்கள். சில ஸ்வார்டு வகைகளின் குருத்து செம்பழுப்பாக வந்து, விரிந்ததும் பச்சையாகும். அனுபியாஸின் புது இலை இளம்பச்சையாக, பார்த்தால் இரும்புக் குறை மாதிரியே இருக்கும், இரண்டு வாரத்தில் கறுத்துக்கொள்ளும். வாங்கிய நாளில் நுனியை ஒரு போட்டோ எடுத்து வைத்தால் பிறகு ஒப்பிட உதவும். நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் அதே இடத்தில் நின்று ஒன்று எடுக்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள்.

17. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பொட்டாசியமும் இரும்பும் விளக்கும் ஒரே நாளில் மாற்றிவிட்டால் எது வேலை செய்தது என்று எப்படித் தெரியும்? மாற்றிய பிறகு இரண்டு வாரமாவது பொறுங்கள், அனுபியாஸ் என்றால் ஒரு மாதம். கெட்ட இலை திரும்பப் பச்சையாகாது. பாதிக்கு மேல் கெட்டதைக் காம்போடு கத்தரித்துவிடுங்கள். வெளிச்சுற்றில் ஒன்றிரண்டு மஞ்சள் மட்டும் என்றால், குருத்து தேறும்வரை விட்டுவையுங்கள், செடி அதிலிருந்து இன்னும் கொஞ்சம் உருவிக்கொள்ளட்டும்.

18. எப்சம் உப்பு, பொட்டாசியம் நைட்ரேட் எல்லாம் பார்க்கச் சர்க்கரை மாதிரி, உப்பு மாதிரி இருக்கும். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுச் சமையலறை அலமாரியில் வைக்காதீர்கள். பெயர் எழுதி ஒட்டி, தொட்டிக்கென்று தனி ஸ்பூன் வைத்து, குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் பூட்டுங்கள்.

19. மாற்றிய தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுங்கள், கல் உப்போ மருந்தோ போட்ட வாரம் மட்டும் வேண்டாம். கத்தரித்த துண்டுகளை ஏரியிலோ கிணற்றிலோ வாய்க்காலிலோ போடவே போடாதீர்கள். 2020-ல் கேரளத்தில் கோழிக்கோடு பக்கம் ஆவளப்பாண்டியில் நீர்நிலை முழுக்க இளஞ்சிவப்புப் பூ விரிந்து, கூட்டம் கூட்டமாகப் படம் எடுக்கப் போனார்களே, அந்தப் பூ தென் அமெரிக்கக் காபோம்பா. நம் தொட்டிகளில் நடுகிற பச்சைக் காபோம்பாவின் நெருங்கிய சொந்தம். தண்டில் ஒரு துண்டு போதும், அது வேர்விட்டு வாய்க்காலை அடைத்துவிடும். மொட்டை மாடியில் பழைய செய்தித்தாள் விரித்து, நொறுங்கும்வரை வெயிலில் காயவிட்டு, ரோஜாத் தொட்டியில் தூவிவிடுங்கள்.